நடுவில் பெயின்ட் காயவில்லை

வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நம் படகின் மேல்தளத்திலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டு சாய்ந்து நிற்கிறது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு இருக்கும். முன்பக்கம் நீ அடித்த நீல பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. திருப்பினால் ஒரே கறுப்பு. வெயில் ஏறியதும் ஊறிப்போன மரமும் பழைய மீன்தண்ணீரும் சேர்ந்த ஒரு வாடை அதிலிருந்து கிளம்புகிறது. "இத தூக்கி எறியட்டா? கொசுவுல்லா அடையுது" என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். "கெடக்கட்டு" என்கிறேன். இன்று காலையும் கேட்டாள். ஏன் கிடக்க வேண்டும் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே நீ எதையும் முழுதாகப் படித்தவன் இல்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட சாப்பாடு எந்த மண்டபம் என்று மட்டும்தான் பார்ப்பாய்.

நாம் ஒரே கரையில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பில் தோற்றவர்கள். நான் கடலுக்குப் போனேன், பிறகு ஓமானுக்குப் போனேன். நீ கொச்சிக்குப் போய்ப் படகுக்கு ஃபைபர் பூசும் வேலை படித்துக்கொண்டு வந்தாய். நான் ஊர் திரும்பி, தம்பியோடு சேர்ந்து படகு வாங்கியபோது, இதை வேறு யாரும் தொடக் கூடாது என்று நீயே சட்டம் போட்டாய். "எனக்க கை படாத போட்டுல நீ போனா, நான் கரையில இருந்து நிம்மதியா சோறு திங்க முடியுமா லே?" என்று கேட்டாய். நான் கேலிக்கு, "நீ எப்பவும் நிம்மதியாத்தான திங்குக" என்றேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. குளச்சல் துறையில் நிற்கும்போது நாலு பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு மீன்பிடித் தடைக்காலத்திலும் படகைக் கரையேற்றியதும் நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவாய். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் தளத்தை முன்னிருந்து பின் வரை தட்டிக்கொண்டே போவாய். "நல்ல பலகை ஒடனே பதில் சொல்லும். அழுகினது முனங்கும். கேட்டியா?" என்பாய். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். "ஒனக்கு ஆண்டவரு செவி எதுக்கு தந்தாரு? கண்ணாடி மாட்டதுக்கா?" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். எனக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்குத்தான் நீ இருந்தாயே.

போன வருஷத் தடைக்காலம். வலைக்கயிறு சுற்றும் வின்ச்சுக்குப் பின்னால், மீன் அறையின் மூடிக்கு வலப்பக்கம் நீ தட்டியபோது எனக்கே கேட்டது. ஈரச் சாக்கைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். குதிகாலை ஊன்றினால் தளம் லேசாக இறங்கி மேலே வந்தது. வின்ச்சை இறக்கி மாட்டியபோது யாரோ போல்ட் ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், அதன் வழியே தண்ணீர் இறங்கி ஃபைபருக்கு அடியில் பிளைவுட் ஊறிவிட்டது என்றாய். "இத அறுத்து எடுக்கணும் மக்கா. மேல பூசினா புண்ணுக்கு பவுடர் போட்ட கதைதான்" என்றாய். இது உன் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் கட்டிச் சொல்லவில்லை.

நாகர்கோவிலுக்கு ஒன்றாகப் போய் மரைன் பிளைவுட் வாங்கினோம். கடைக்காரர் காட்டிய முதல் பலகையை நீ ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாய். இரண்டாவதையும் வேண்டாம் என்றாய். அவர் முகம் சுளித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாயா குடித்தோம், நீ பழம்பொரி இரண்டு தின்றாய், என் பங்கிலிருந்தும் ஒரு கடி கடித்தாய்.

அந்த ஆனி மாதம் மழை விடவே இல்லை. தார்ப்பாய் கட்டியும் ஈரம் போகவில்லை. "அறுத்து தொறந்துட்டா ஒணங்காம ஒட்ட முடியாது, பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்திலேயே நின்று தொணதொணத்தேன் போலிருக்கிறது. "நீ போய் வலய பாரு. நீ பக்கத்துல நின்னா எனக்கு வேல ஓடாது" என்று என்னை விரட்டினாய். போய்விட்டேன். நான்கைந்து நாள் கழித்து நீ போன் செய்து, "வந்து பாரு, கல்லு மாதிரி இருக்கு" என்றாய்.

வந்து பார்த்தேன். தளம் முழுக்க நீலம். எது பழையது, எது புதியது என்று தெரியவில்லை. தம்பியும் வந்திருந்தான். தளத்தில் வேலை செய்தவன்தான் முதலில் ஏறிச் சவுட்டிக் காட்ட வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். வெறுங்காலோடு மூன்று தடவை குதித்து, தளம் தாங்குகிறது என்று காட்டிய பிறகுதான் படகுக்காரன் கால் வைப்பான். அதற்குப் பதிலாக முதல் மீன்பாட்டில், அதாவது முதல் தடவை கடலுக்குப் போய் வரும்போது, கிடைக்கும் நல்ல மீன் அவன் வீட்டுக்குப் போகும். அன்று நீ குதிக்க மட்டும் செய்யவில்லை, ஆடினாய். ஒரு கையை இடுப்பில் வைத்து, கோவில் திருவிழாவில் சிங்காரி மேளக்காரர்கள் ஆடுவதுபோல ஆடினாய். துறையில் நின்றவர்கள் எல்லாரும் விசிலடித்தார்கள். நான் போனில் வீடியோ எடுத்தேன்.

கடல் திறந்து முதல் மீன்பாட்டில் ஒரு நெய்மீன் கிடைத்தது. ஏலத்துக்குப் போகாமல் நேராக உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் உன் மனைவி பாதி மீனோடு என் வீட்டுக்கு வந்தாள். "இவ்வளவு மீனு நமக்கு எதுக்கு, பாதிய கொண்டு கொடுன்னு சொன்னாவ அண்ணே" என்றாள். அதற்கு முன் நீ ஒரு தடவைகூட மீனைத் திருப்பித் தந்தவன் இல்லை. வால் துண்டுக்குக்கூடச் சண்டை பிடிப்பவன். வயதாகிறது, மனசு பெரிதாகிறது என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்து சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அந்த மீன் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அடுத்த வாரமே நீ கொச்சிக்குப் போய்விட்டாய். பெரிய படகு, பெரிய வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தாய். பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது என் தோளில் கை போட்டு, "ஈஸ்டருக்கு முன்ன போட்ட ஒரு வாரம் கரையில நிறுத்து மக்கா. சின்ன வேல ஒண்ணு கெடக்கு" என்றாய். என்ன வேலை என்று கேட்டேன். ஒரு நிமிஷம் கொடிமரத்தைப் பார்த்தாய். பிறகு, "பெயின்ட் வேலதான். நெறம் மங்கிட்டுல்லா" என்றாய். அப்போது கேட்டிருக்கலாம், அப்போது நீ சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் நாம் இரண்டு பேர் மட்டும்தான் நின்றோம்.

ஜனவரி முடிவதற்குள் நீ போய்விட்டாய். மதியச் சோறு தின்று எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்டோ கருங்கல் ஊரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. உன் பெட்டியின் தலைமாட்டில் நான்தான் தோள் கொடுத்தேன். கல்லறையில் மண் போடும்போது என்னால் நிற்க முடியவில்லை. தம்பிதான் என்னைத் தாங்கிப் பிடித்தான்.

அந்தத் தம்பியின் கால்தான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உள்ளே போனது.

முட்டம் கரைக்கு நேரே, நல்ல பகலில், கடல் பெரிதாக அடிக்கவும் இல்லை. வின்ச்சில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு எட்டு வைத்தான். ஓலைக் கூரை ஒடிவது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவன் தொடை வரை தளத்துக்குள் நிற்கிறான். படகு ஒரு ஆட்டம் ஆடியது. அவன் உடம்பு ஒரு பக்கம் போனது, மாட்டிய கால் போகவில்லை. முழங்கால் முட்டு திரும்பிவிட்டது. "அண்ணா" என்று ஒரே ஒரு தடவைதான் கத்தினான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் முழங்காலைத் திறந்து கம்பி வைத்தார்கள். இப்போது நடக்கிறான். ஆனால் அந்தக் கால் மடங்குவதில்லை. ஆடுகிற படகில் மடங்காத காலோடு யாரால் நிற்க முடியும்? அவனுக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவி என்னிடம் கேட்டாள். "அத்தான், அந்த எடத்த அந்த அண்ணன்தான பாத்தாவ?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "செத்தவனுக்க மேல பழி போடாத. அவன் கை வச்ச எடம் ஒடியாது. இது வேற எடம்" என்று கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துறையிலும் இப்படித்தான். ஒருவன் லேசாக உன் பெயரை எடுத்தான். நான் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். வின்ச் போல்ட், கடலடி, பழைய மரம் என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொன்னேன். உனக்காக யாரிடமெல்லாம் வழக்காடினேன் என்று உனக்குத் தெரியாது.

ஓட்டையின் மேல் ஒரு இரும்புத் தகட்டை அடித்துப் போட்டுத் தடைக்காலம் வரை ஓட்டினேன். படகு கரையேறியதும் தம்பி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "அண்ணா, தொறந்து பாத்துருவோம்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டிங் மெஷினை வாங்கி நானே அறுத்தேன். மேலே உன் நீலம். அதன் கீழே பட்டிப் பூச்சு. அதன் கீழே நீ ஒட்டிய புது ஃபைபர். அதன் கீழே பழைய ஃபைபர், விரிசலோடு அப்படியே. நீ அதை அறுக்கவே இல்லை. அதற்கும் கீழே பலகை இருக்க வேண்டிய இடத்தில் சாயாவில் முக்கிய ரஸ்க் மாதிரி ஒன்று இருந்தது. கையால் அள்ளினேன். விரலிடுக்கில் பிதுங்கியது. தம்பி எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான். "போகட்டு அண்ணா" என்றான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுகூட எனக்கு உன் மேல் முழுக் கோபம் வரவில்லை. மழை, அவசரம், ஏதோ நினைத்துச் செய்துவிட்டான் என்று மனசு உனக்காகவே பேசியது. வீட்டுக்கு வந்து போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். உன்னை ஒரு தடவை பார்க்கத்தான் எடுத்தேன், வேறெதற்கும் இல்லை.

நீ ஆடுகிறாய். நான் அத்தனை நாளும் உன் இடுப்பையும் முகத்தையும்தான் பார்த்திருக்கிறேன். அன்று உன் காலைப் பார்த்தேன். குதிப்பதற்கு முன் உன் வலது கால், மீன் அறை மூடியின் ஓரத்தைத் தடவித் தேடுகிறது. ஓரம் கிடைத்ததும் அதை ஒட்டியே நிற்கிறாய். மூன்று குதியும் அங்கேயேதான். அந்த ஓரத்துக்கு நேர் கீழே என்ன ஓடுகிறது என்று அன்று காலையில்தான் அறுத்துப் பார்த்திருந்தேன். முழுத் தளத்தையும் தாங்குகிற குறுக்குக்கட்டை. தேக்கு. ஆனை ஏறினாலும் அசையாது.

வீடியோவில் என் குரலும் இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே, "லே, நடுவுல சவுட்டு, நடுவுல" என்கிறேன். நீ ஆட்டத்தை நிறுத்தாமல் சொல்கிறாய்: "நடுவுல பெயின்ட் ஒணங்கல்ல மக்கா."

எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த "மக்கா"வில் வந்து நிறுத்தினேன். பிழை எல்லாருக்கும் வரும். ஆனால் கால் வைக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து நின்றாயே, அது பிழை இல்லை. உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே என் தம்பியின் முன்னால் ஆடினாய், அவனும் கைதட்டினான். இதைவிட நீ என் முகத்தில் துப்பியிருக்கலாம்.

அந்தக் கோபத்தோடே உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அந்த வீட்டில் இனி கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். உன் மனைவி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை கழுவிவிட்டு எழுந்து வந்தாள்.

"நானே ஆளு விடணும்னு இருந்தேன் அண்ணே. ஒங்களுக்க பலகை ஒண்ணு இங்க நிக்குது. செல்லு அரிச்சிட்டா பின்ன சங்கடமாவும்" என்றாள்.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில், தார்ப்பாய் சுற்றி, கயிறு கட்டி நின்றது. அவிழ்த்தேன். நாகர்கோவிலில் நாம் வாங்கிய அதே பலகை. நம் தளத்து அளவுக்கு அறுத்து வைத்திருந்தாய். மீன் அறை மூடி வருகிற மூலையில் கச்சிதமாக வளைவு வெட்டியிருந்தாய். நான்கு ஓரத்துக்கும், போல்ட் வருகிற ஓட்டைகளுக்கும் ரெசின் குடிப்பாட்டி, தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாய். அவ்வளவு அருமையான வேலை. அதை எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"இது போட்டுக்கு போடல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. மழை விடல்லல்லா. கொச்சிக்காரனுவ தெனமும் போன். பிந்தினா வேற ஆள வச்சிருவோம்னு சொன்னானுவ. 'அவனுக்க போட்டு பொறவு பாக்கலாம், அவன் நம்ம ஆளுல்லா, ஒண்ணும் கேக்க மாட்டான்'னு சொல்லிட்டுத்தான் அவிய போனாவ. ஒங்கட்ட சொல்லல்லியா?"

"சொன்னான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். கொச்சிக்காரன் அந்நியன், அவன் தட்டிப் பார்ப்பான். அதனால் அவன் படகுக்கு நல்ல வேலை. நான் நண்பன், தட்டிப் பார்க்க மாட்டேன். அதனால் எனக்குப் பவுடர். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்தது இதுதானா? இந்தப் பலகையை நீ திருடி வேறு படகுக்குப் போட்டிருந்தால்கூட உன்னை ஒரேயடியாக வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை. செங்கல் வைத்து, தார்ப்பாய் சுற்றி, பத்திரமாக வைத்திருந்தாய்.

ஒரே ஒரு வார்த்தை போதும். "நடுவுல இன்னும் சரியாவல்ல மக்கா, பாத்து நில்லுங்க" என்று சொல்லியிருந்தால், அந்த இடத்தில் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பேன். கூடை கிடந்தால் எவனும் அங்கே கால் வைக்க மாட்டான். ஒரு பழைய கூடை தீர்த்திருக்கும் காரியத்துக்கு என் தம்பியின் முட்டு போனது. கோவில் வாசலிலாவது சொன்னாயா? பெயின்ட் வேலை என்றாய்.

உன் பலகையை நானே போட்டேன். மழை விட்டு வெயில் அடிக்கும் வரை காத்திருந்தேன். படகு இறங்கப் பிந்தியது, பிந்தட்டும் என்று விட்டேன். பலகை இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேலே ஃபைபர் மேட் விரித்து ரெசின் ஊற்றினேன். பெயின்ட் மட்டும் நீலம் வேண்டாம் என்று தம்பி சொன்னான். சாம்பல் நிறம் அடித்தோம்.

வேலை செய்தவன்தான் சவுட்ட வேண்டும். படகுக்காரனும் நானே, வேலை செய்தவனும் நானே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தம்பியும் அவன் மனைவியும் கீழே நின்றார்கள். அவள் ஆஸ்பத்திரியில் நான் கத்தியதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவளிடம், "ஒனக்க கேள்விதான் சரி" என்று அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நான் திரும்பினேன். என் கால் தானாக மீன் அறை மூடியின் ஓரத்துக்குப் போனது. கட்டை அங்கே இருக்கிறது என்று எனக்கும் இப்போது தெரியுமல்லவா. அங்கே நின்றால் எதுவும் ஒடியாது.

"அண்ணா, நடுவுல" என்றான் தம்பி.

நடுவில் போய் நின்று குதித்தேன். தளம் உடனே பதில் சொன்னது. எனக்கே கேட்டது. நீ சொல்லித் தந்த அந்தச் சத்தத்தை நீ இல்லாமல் முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டேன். தம்பி கைதட்டவில்லை. கம்பை ஊன்றித் திரும்பி நடந்தான். முதல் பாட்டின் மீன் அவன் வீட்டுக்குத்தான் போனது. உன் வீட்டுக்கு அனுப்பவில்லை.

உன் வருஷப் பூசைக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று உன் மனைவி சொல்லியிருக்கிறாள். போவேனா என்று தெரியவில்லை. கல்லறைப் பக்கம் போகும்போது இன்னும் கண் நிறைகிறது, அதே நேரம் பல்லையும் கடிக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்காக வருவதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நீலத் துண்டையும் அதனால்தான் எறிய முடியாமல் வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு மெக்கானிக் வந்து எஞ்சினைப் பார்த்தான். தங்கமான மனுஷன், பல வருஷமாகத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, "எல்லாம் நல்லா இருக்கு அண்ணே, தைரியமா போங்க" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அவன் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். முன்பு நான் அப்படிப் பார்க்கிறவன் இல்லை, மக்கா.